சாஸெனை மத்துபோலச் சுழற்றக் கூடாது: ஜப்பானியத் தேநீர் அறையின் சொற்களும் கைப்பழக்கமும்

தேநீர் வகுப்பில் முதல் நாள் உட்கார்ந்தவுடன் காதில் விழும் பெயர்களே இருபது முப்பது இருக்கும். சாவன் கிண்ணம், சாஸென் தேநீரை அடிக்கும் மூங்கில் கருவி, சாஷாகு கரண்டி, சாகின் துணி, சாஇரே தூள் ஜாடி. பாதிக்குமேல் 'சா'வில் தொடங்குவதால் கிண்ணத்தைக் கேட்டால் துணி வரும், துணியைக் கேட்டால் கரண்டி வரும். பெயர்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறவர்கள் இரண்டாம் வாரமே மறந்துவிடுகிறார்கள். பொருளைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அதன் பெயரை வாய்விட்டுச் சொல்கிறவர்களுக்கு அது ஒட்டிக்கொள்கிறது. இந்த அறையின் சொற்களில் பல, ஒரு கையசைவோடு முடிச்சுப் போடப்பட்டவை. சொல் பிசகினால் கையும் பிசகும்.

எழுத்தைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. கீழே 'ச' வருமிடத்தில் 'சாயா'வின் ச-வாகப் படியுங்கள். 'ஸ' வந்தால் ஸகரம். சாயாவும் ஜப்பானியரின் 'சா'வும் ஒரே சீனச் சொல்லின் பிள்ளைகள்தாம். தேயிலை, தேநீர் என்பவற்றில் நாம் சொல்லும் 'தே' அதே சொல்லின் தென்சீனக் கடற்கரை உச்சரிப்பு.

தமிழில் 'தேநீர்ச் சடங்கு' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அந்தச் சொல் ஆளை விறைப்பாக்கிவிடுகிறது என்பது எங்கள் குறை. ஜப்பானியர் சொல்வது சானோயு. சா, தேநீர், நோ, நம் 'இன்' உருபு மாதிரி, யு, வெந்நீர். தேநீரின் வெந்நீர், அவ்வளவே. இதை ஒரு நெறியாகச் சொல்லும்போது 'தேநீர் வழி' என்கிறார்கள். அதை உராஸென்கே மரபினர் சாதோ என்றும், ஒமோதேஸென்கே மரபினர் ஸாதோ என்றும் உச்சரிப்பார்கள். எதிரில் இருப்பவர் எந்த மரபு என்பதை அந்த ஓர் எழுத்திலேயே ஓரளவு ஊகிக்கலாம்.

வரலாறு நான்கு வரி போதும். எய்ஸாய் என்ற துறவி 1191இல் சீனாவிலிருந்து தேயிலை விதையோடும் தூள்தேநீர்ப் பழக்கத்தோடும் திரும்பினார் என்பது மரபுச் செய்தி. மடாலயத்திலும் பிரபுக்கள் மாளிகையிலும் வளர்ந்த பழக்கத்தை ஸென் நோ ரிக்யூ (1522–1591) சின்ன அறைக்குள், எளிய பொருள்களுக்குள் கொண்டுவந்தார். அவருடையதாகச் சொல்லப்படும் தாய்-ஆன் என்ற அறை கியோத்தோவுக்கும் ஒஸாகாவுக்கும் நடுவே யாமாஸாகியில் இன்றும் நிற்கிறது. அதன் பரப்பு வெறும் இரண்டு ஜப்பானியப் பாய் அளவு. ஆட்சியாளர் தொயோதொமி ஹிதெயோஷியின் ஆணைப்படி ரிக்யூ உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய கொள்ளுப்பேரர்கள் காலத்தில் குடும்பம் மூன்றாகப் பிரிந்தது: ஒமோதேஸென்கே, உராஸென்கே, முஷாகோஜிஸென்கே.

இந்தப் பிரிவு பயிற்சியில் நேரடியாக இடறும். உராஸென்கே முறையில் மெல்லிய தேநீரின் மேல்பரப்பு முழுக்க நுரை மூடும்படி அடிப்பார்கள். ஒமோதேஸென்கேயில் நுரையைக் குறைத்து, பிறைநிலா வடிவில் ஓர் ஓரத்தைப் பச்சையாகவே விடுவார்கள். சாஸெனின் மூங்கில்கூட மாறும்: உராஸென்கேயில் வெள்ளை மூங்கில், ஒமோதேஸென்கேயில் புகையேறிப் பழுத்த மூங்கில், முஷாகோஜிஸென்கேயில் கருமூங்கில். காணொளிகளை மாற்றி மாற்றிப் பார்த்துக் கற்கிறவர்களுக்கு வரும் குழப்பத்தின் வேர் இதுதான். கால் ஒரு மரபில், கை இன்னொரு மரபில் போகும். ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஓராண்டாவது அதிலேயே இருப்பது நல்லது. இங்கே சொல்வது உராஸென்கே வழி.

உஸுச்சா: அடிப்பது

தூள்தேநீரில் இரண்டு உண்டு. உஸுச்சா மெல்லியது, கோய்ச்சா கெட்டியானது. உஸுச்சாவை 'ததேரு' என்பார்கள். கோய்ச்சாவை 'நேரு' என்பார்கள். இரண்டையும் 'கலக்குவது' என்று தமிழாக்கினால் பாடமே கெட்டது. முதலாவது அடித்து நுரையெழுப்புவது. இரண்டாவது குழைப்பது.

ஒருவருக்கு உஸுச்சா என்றால் மச்சா என்ற தேயிலைத் தூள் 2 கிராம், வெந்நீர் 60 முதல் 70 மில்லி. சாஷாகு என்ற மூங்கில் கரண்டியில் குவித்து எடுத்தால் ஒன்றரை முதல் இரண்டு கரண்டி. ஆனால் 'குவித்து' என்பது ஆளுக்கு ஆள் மாறும். முதல் வாரம் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்து, இரண்டு கிராம் குவியல் உங்கள் சாஷாகுவின் நுனியில் எப்படித் தெரிகிறது என்று கண்ணுக்குப் பழக்குங்கள். பிறகு தராசு வேண்டாம்.

வீட்டில் வெந்நீர் 80 டிகிரி அளவில் இருந்தால் சரி. வெப்பமானி இல்லையென்றால், கொதித்த நீரை வேறொரு பாத்திரத்தில் ஊற்றி, அங்கிருந்து கிண்ணத்துக்கு மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏறக்குறைய பத்து டிகிரி இறங்கும். தேநீர் அறையில் காமா என்ற இரும்புக் கெண்டியில் நீர் கொதித்துக்கொண்டுதானே இருக்கிறது என்று கேட்பார்கள். உண்மைதான், மூங்கில் அகப்பையில் அள்ளுவது, கொஞ்சம் உயரத்திலிருந்து ஊற்றுவது, தடித்த மண்கிண்ணம் எல்லாம் சேர்ந்து சூட்டை வாங்கிக்கொள்கின்றன. தண்ணீர் கடினநீராக இருந்தால் எவ்வளவு நல்ல தூளும் மங்கலாகவே சுவைக்கும். போர்வெல் தண்ணீரில் அடித்துவிட்டுத் தூளைக் குறை சொல்லக் கூடாது.

வரிசை இது. தூளைச் சல்லடையில் சலித்துக்கொள்ளவும். கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி, சாஸெனின் நுனியை அதில் நனைக்கவும். இதற்கு சாஸென்-தோஷி என்று பெயர். நனைத்து, தூக்கி, மெல்லத் திருப்பி ஒவ்வொரு ஈர்க்காகப் பார்க்க வேண்டும். உலர்ந்த ஈர்க்கு நனையாமல் வளைந்தால் ஒடியும். ஏற்கெனவே ஒடிந்தது விருந்தாளியின் வாய்க்குப் போகும். அறையில் இதைச் செய்யும்போது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் இது ஒரு சோதனை. கண்ணை ஓட்டாமல் கையை மட்டும் ஆட்டுகிற பழக்கம் வந்துவிட்டால் அந்த அசைவுக்குப் பொருளில்லை. பிறகு நீரைக் கொட்டிவிட்டு, சாகின் என்ற வெள்ளைச் சணல்துணியால் கிண்ணத்தின் உட்புறத்தை ஈரமில்லாமல் துடைக்கவும். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். சுவரில் ஈரம் நின்றால் தூள் அங்கேயே அப்பிக்கொண்டு பின்னால் கட்டியாக மிதக்கும்.

தூளைப் போட்டதும் சாஷாகுவின் நுனியால் குவியலைக் கீறி உடைத்துவிட்டு, கரண்டியின் ஓரத்தைக் கிண்ண விளிம்பில் ஒருமுறை மெல்லத் தட்டவும். வெந்நீர் ஊற்றவும். இப்போது சாஸென்.

தமிழ்க் கைக்கு இங்கே ஒரு தனிப் பிரச்சினை. மூங்கிலில் செய்த, நுனி விரிந்த ஒன்றைக் கையில் கொடுத்தால் நமக்கு மத்து ஞாபகம் வந்துவிடுகிறது. கை தானாகச் சுழற்றத் தொடங்குகிறது. சுழற்றினால் நீர் சுழலும், தூள் நடுவில் குவியும், நுரை எழாது. சாஸென் நேராக முன்னும் பின்னும் போக வேண்டும், உங்கள் மார்புக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவே கோடு போடுவதுபோல. அசைவு மணிக்கட்டில், தோள் அசைந்தால் களைப்பு வரும், நுரை வராது. முதலில் மெதுவாக அடியிலுள்ள தூளைக் கிளறி, உடனே வேகமெடுத்து பதினைந்து இருபது நொடி அடித்து, கடைசியில் நுனியை மேற்பரப்புக்குக் கொண்டுவந்து மெல்லத் தடவுவதுபோல ஓட்டினால் பெரிய குமிழிகள் உடைந்து நுரை பொடியாகும். முடிவில் ஒரே ஒரு வளைவு வரைந்து, கிண்ணத்தின் நடுவிலிருந்து நேரே மேலே எடுக்கவும். நடுவில் நுரை சற்று மேடாக நிற்கும்.

சாஸெனின் நுனி அடியைத் தொடவே கூடாது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே நிற்க வேண்டும். அழுத்தி உரசுகிறவர்களின் சாஸென் சீக்கிரம் முன்பல் விழுந்ததுபோல் ஆகிவிடும். கிண்ணத்தின் உள்ளடி வளைவாக இருப்பதும் முக்கியம். அடி தட்டையாகி மூலை விழுந்த கோப்பையில் தூள் மூலையிலேயே தங்கும். வாய் பன்னிரண்டு செ.மீ. அகலம், ஆழம் ஏழெட்டு செ.மீ. என்றால் கைக்கு வசதி. எவர்சில்வர் கிண்ணம் வேண்டாம். கையைச் சுடும், பிறகு ஒரேயடியாக ஆறியும் போகும்.

அடித்த தேநீரை உடனே குடிக்க வேண்டும். இது கரைசல் அல்ல. இலையே பொடியாகி நீரில் தொங்கிக்கொண்டிருக்கிறது. சில நிமிடத்தில் அடியில் வண்டலாக இறங்கிவிடும்.

கோய்ச்சா: குழைப்பது

ஒருவருக்கு 3.75 கிராம், அதாவது பழைய ஜப்பானிய எடையில் ஒரு மொம்மே. சாஷாகுவில் மூன்று கரண்டி. நீர் ஒருவருக்கு 30 முதல் 40 மில்லி. உஸுச்சாவோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய இருமடங்கு தூள், பாதி நீர்.

கடைகளில் 'சடங்குத் தரம்' என்று எழுதி விற்பதைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். ஜப்பானில் தேநீர் பயில்கிறவர்கள் கேட்பது வேறு: இது கோய்ச்சாவுக்கா, உஸுச்சாவுக்கா? பொதுவாகக் கோய்ச்சாத் தூளின் பெயர் 'முகாஷி' என்றும், உஸுச்சாத் தூளின் பெயர் 'ஷிரோ' என்றும் முடிவது மரபு. உஸுச்சாத் தூளைக் கெட்டியாகக் குழைத்தால் கசப்பும் துவர்ப்பும் நாக்கைப் பிடித்துக்கொள்ளும். மாற்றிச் செய்தால் கெடுதலில்லை, செலவுதான்.

கோய்ச்சாவில் நீரை இரண்டு தவணையாக ஊற்றுவார்கள். முதல் தவணை கொஞ்சம். தூள் முழுக்க நனையும் அளவு. சாஸெனால் அடிக்காமல், மெதுவாக, அழுத்தம் கொடுத்துக் குழைக்க வேண்டும். மட்டாக இருந்த பச்சை திடீரென்று பளபளக்கும். வாசமும் அப்போதுதான் எழும். அந்த இடம் வரும் முன் இரண்டாம் நீர் ஊற்றக் கூடாது. முதல் நீர் அதிகமாகிவிட்டால் கட்டிகள் நழுவி நழுவி ஓடும், எவ்வளவு தேய்த்தாலும் உடையாது. குறைந்துவிட்டால் எல்லாம் சாஸெனுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். இரண்டாம் நீரை ஊற்றும்போது இடக்கையால் சாஸெனைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, ஈர்க்குகளின் மேல் படும்படி ஊற்றினால் ஒட்டியிருப்பது கிண்ணத்துக்கு இறங்கிவிடும். பதம் எது என்றால், கிண்ணத்தைச் சாய்த்தால் பாகுபோல ஒன்று இரண்டு எண்ணுவதற்குள் அல்ல, நான்கைந்து எண்ணும் நேரத்தில் விளிம்புக்கு வர வேண்டும். நுரை ஒரு துளியும் கூடாது.

கோய்ச்சாவுக்குத் தூள் இருக்கும் ஜாடி சாஇரே: சின்ன மண்ஜாடி, தந்தமூடி, மூடியின் உட்புறம் பொன்தாள். உஸுச்சாவுக்கு நட்ஸுமே: அரக்குப் பூசிய மரச்செப்பு, இலந்தைப்பழ வடிவம், பெயரும் அதுவே. சாஇரேவுக்குப் போடும் பட்டுப்பைக்கு ஷிஃபுகு என்று பெயர். இங்கே நமக்கு ஓர் உறவு இருக்கிறது. ஐரோப்பியக் கப்பல்களில் இந்தியாவிலிருந்து போன அச்சுப்பருத்தித் துணியை ஜப்பானியர் 'ஸராஸா' என்றார்கள். தேநீர்க்காரர்கள் அதன் துண்டுகளைக்கூடப் பொக்கிஷமாக வைத்து, பைகளாகவும் பொருள் சுற்றும் துணிகளாகவும் தைத்துக்கொண்டார்கள். சோழமண்டலக் கரையில் சாயம் தோய்ந்தவையும் அவற்றில் உண்டு.

அகப்பையும் துணியும்

ஹிஷாகு என்பது நீண்ட காம்புள்ள மூங்கில் அகப்பை. அதைக் கீழே வைப்பதற்கு, ஃபுரோ காலத்தில், அதாவது தரைமேல் கணப்பு வைக்கும் மே முதல் அக்டோபர் வரை, மூன்று சொற்கள். ஒகி-பிஷாகு: வைப்பது. கிரி-பிஷாகு: வெட்டுவது. ஹிகி-பிஷாகு: இழுப்பது. கிண்ணத்தைச் சூடாக்க முதலில் வெந்நீர் ஊற்றியபின் ஒகி. தேநீருக்கு வெந்நீர் ஊற்றியபின் கிரி. கெண்டிக்குப் பச்சைத்தண்ணீர் ஊற்றியபின் ஹிகி. வில்லில் அம்பைப் பொருத்துவது, விடுவது, நாணை இழுப்பது ஆகிய அசைவுகளோடு இவற்றை ஒப்பிட்டுச் சொல்லித்தருவார்கள். கிரியில் உள்ளங்கை விரிந்து விரல்கள் ஒட்டி நிற்கும். ஹிகியில் விரல்கள் காம்பின் வழியே நுனிவரை வழுக்கிப் போகும். பெயர் தெரியாமல் அசைவை மட்டும் பார்த்துப் பழகினால் மூன்றும் ஒன்றாகக் கரைந்துவிடும். பெயரைச் சொல்லிக்கொண்டே செய்தால் எதன் பின் எது என்ற வரிசையும் கூடவே வரும், ஏனென்றால் என்ன நீர் ஊற்றினோம் என்பதை அந்தப் பெயர்தான் பிடித்துவைத்திருக்கிறது.

எங்கிருந்து அள்ளுவது என்பதற்கும் ஒரு வாய்ப்பாடு உண்டு: 'நீர் நடுவில், வெந்நீர் அடியில்'. மிஸுஸாஷி என்ற தண்ணீர்ச் சாடியில் மேலே தூசி, அடியில் வண்டல், ஆகவே நடு. காமாவில் அகப்பையை ஆழ இறக்க வேண்டும். முழு அகப்பை அள்ளி, உஸுச்சாவுக்குப் பாதியை மட்டும் கிண்ணத்தில் ஊற்றி, மீதியைக் கெண்டிக்கே திருப்புவார்கள். அள்ளும்போதே பாதியாக அள்ளினால் கை நடுங்கும், அளவும் தவறும்.

துணிகள் இரண்டையும் குழப்பக் கூடாது. சாகின், ஈரத்துணி, கிண்ணத்துக்கு. ஃபுகுஸா, பட்டுத்துணி, நட்ஸுமேயையும் சாஷாகுவையும் துடைக்க. இடுப்பில் இடப்பக்கம் செருகியிருப்பது இதுதான். உராஸென்கேயில் ஆண்களுக்கு ஊதா, பெண்களுக்குச் சிவப்பு. மூன்று பக்கம் தையல், ஒரு பக்கம் மடிப்பு. கையில் எடுக்கும்போது தையலில்லாத பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, மற்ற மடிப்புகள் தானாக விழும். புது ஃபுகுஸா விறைப்பாக வழுக்கும். பயிற்சிக்குப் பழசே மேல்.

கென்ஸுய் என்பது கழிவுநீர்ப் பாத்திரம். விருந்தாளி கண்ணில் படாமல் உங்கள் இடப்பக்கம், முழங்காலுக்குப் பின்னால் இருக்க வேண்டியது. இதைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை, மறந்துவிடாமல் கொண்டுவருவதைத் தவிர.

விருந்தாளிக்கும் வேலை உண்டு

தேநீர் தருபவர் தெய்ஷு. அவர் செய்யும் முறைவரிசை தெமாயே. விருந்தாளிகளில் முதலில் அமர்கிறவர் ஷோக்யாகு. எல்லார் சார்பிலும் பேசுவது அவர் மட்டுமே. கடைசியில் அமர்கிறவர் ட்ஸுமே. பொருள்களைத் திருப்பி ஒப்படைப்பது அவர் பொறுப்பு. எதுவும் தெரியாமல் வந்தவர் பணிவு காட்டுவதாக நினைத்துக் கடைசியில் போய் உட்கார்ந்தால் அவரே ட்ஸுமே ஆகி விழிப்பார். நடுவில் உட்காருங்கள், இருபக்கமும் பார்த்துச் செய்யலாம்.

வரும்போது மோதிரம், கைக்கடிகாரம், வாசனைத் திரவியம் மூன்றையும் கழற்றிவிட்டு வாருங்கள். கூடக் கொண்டுவர வேண்டியவை வெள்ளைக் காலுறை, காய்ஷி என்ற மடித்த தாள்கட்டு, இனிப்பை வெட்டக் குரோமோஜி குச்சி, சிறு விசிறி. விசிறியை விரிக்கவோ வீசவோ கூடாது. மடித்தபடியே முழங்காலுக்கு முன் வைத்து வணங்குவதற்குத்தான். எனக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு கோடு என்பது அதன் பொருள். பாயின் துணிக்கரையை மிதிக்காமல் நடக்க வேண்டும்.

உட்காருவது நமக்குச் சுலபம் என்று நினைப்போம், தரையில் வளர்ந்தவர்கள்தானே என்று. சம்மணம் வேறு, ஸெய்ஸா வேறு. முழங்காலை மடக்கிக் குதிகால்மேல் உட்காரும்போது எடை முழுக்கக் கணுக்காலில் இறங்கும். கால் பெருவிரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அவ்வப்போது மாற்றினால் இருபது நிமிடம் தாங்கும். மரத்த காலோடு சட்டென எழுந்தால் கண்டிப்பாக விழுவீர்கள், கையில் கிண்ணத்தோடு. முதலில் கால்விரல்களை மடக்கி ஊன்றி, குதிகால்மேல் நிமிர்ந்து, இரத்தம் திரும்பும்வரை பொறுத்து எழுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ர்யூரெய் என்ற மேசை நாற்காலி முறை இருக்கிறது. 1872 கியோத்தோ கண்காட்சிக்கு வந்த வெளிநாட்டாருக்காக உராஸென்கேயின் 11ஆம் தலைவர் கெங்கென்ஸாய் வகுத்தது. அதில் கற்பதில் ஒரு குறைவும் இல்லை.

இனிப்பு முதலில். தெய்ஷு சாஷாகுவைக் கையில் எடுத்து 'ஒகாஷி ஒ தோஸோ' என்றதும் எடுத்துச் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். பஜ்ஜியும் டீயும்போல ஒரு கடி, ஒரு மடக்கு என்பது இங்கே இல்லை. இனிப்பு நாக்கில் தங்கியிருக்கும்போது வரும் கசப்புக்காகத்தான் இந்த ஏற்பாடு. தாளின் மடிப்பு உங்கள் பக்கம் இருக்கும்படி காய்ஷியை வைத்து, அதன்மேல் இனிப்பை வாங்கிக்கொள்ளுங்கள்.

கிண்ணம் வந்ததும் மூன்று வாசகங்கள். முந்தைய விருந்தாளிக்கும் உங்களுக்கும் நடுவே கிண்ணத்தை வைத்து 'ஒஷோபான் இதாஷிமாஸு', உங்களோடு நானும் பருகுகிறேன். அடுத்தவருக்கும் உங்களுக்கும் நடுவே வைத்து 'ஒஸாகி நி', உங்களுக்கு முன்னால் எடுத்துக்கொள்கிறேன், பொறுத்தருளுங்கள். உங்களுக்கு நேரே வைத்து தெய்ஷுவை நோக்கி 'ஒதெமாயே சோதாய் இதாஷிமாஸு', உங்கள் கையால் தந்ததைப் பெற்றுக்கொள்கிறேன். கிண்ணம் நிற்கும் இடமே எந்த வாசகம் என்று சொல்லிவிடும். மனப்பாடம் தடுமாறினால் கிண்ணத்தைப் பாருங்கள்.

வலக்கையால் எடுத்து இடது உள்ளங்கையில் வைத்து, சற்று உயர்த்தித் தலைதாழ்த்தி, கடிகாரத் திசையில் இருமுறை திருப்பவும். ஏன் திருப்புவது? கிண்ணத்துக்கு ஷோமென், அதாவது முகம் உண்டு. ஓவியமோ மெருகின் அழகான வழிசலோ உள்ள பக்கம். தெய்ஷு அந்த முகத்தை உங்களை நோக்கி வைத்துத் தந்திருக்கிறார்; அதன்மேல் வாய் வைக்காமல் விலக்கிக் குடிப்பது விருந்தாளியின் பதில் மரியாதை. எத்தனை டிகிரி என்று கவலைப்படுகிறவர்கள் முகம் எது என்று பார்ப்பதே இல்லை. மூன்றரை மடக்கு, கடைசி அரை மடக்கைச் சத்தம் வர உறிஞ்சி முடிக்கவும். நமக்குக் கூச்சமாக இருக்கும், ஆனால் 'குடித்து முடித்தேன்' என்று தெய்ஷுவுக்குத் தெரிவிப்பது அந்தச் சத்தம்தான். வாய்பட்ட இடத்தை விரல்களால் துடைத்து, விரலைத் தாளில் துடைத்து, எதிர்த்திசையில் திருப்பி முகத்தை மீண்டும் உங்களை நோக்கி வைக்கவும்.

கோய்ச்சாவை ஒரே கிண்ணத்தில் எல்லாரும் பகிர்வது பழைய வழக்கம். முதல்வர் ஒரு மடக்குக் குடித்ததும் தெய்ஷு 'ஒஃபுகு ககென் வ', பதம் எப்படி என்று கேட்பார். 'கெக்கோ தெ கொஸாய்மாஸு', நன்றாக இருக்கிறது. 2020க்குப் பிறகு பல இடங்களில் ஆளுக்கொரு கிண்ணமாகத் தரும் ககுஃபுகு-தாதே முறை வந்திருக்கிறது. போகும்முன் கேட்டுவைத்துக்கொள்ளலாம்.

உஸுச்சாவில் ஷோக்யாகு 'தோஸோ ஒஷிமாய் குதாஸாய்', முடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும்வரை தெய்ஷு அடுத்த கிண்ணத்துக்குத் தயாராகவே இருப்பார். சொல்ல மறந்த ஷோக்யாகுவும், கேட்க முடியாத தெய்ஷுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காட்சி பயிற்சி அறைகளில் சகஜம்.

ஹாய்கென்: பார்வையும் கேள்வியும்

மிஸுஸாஷியின் மூடி சாத்தப்பட்டதும் ஷோக்யாகு நட்ஸுமேயையும் சாஷாகுவையும் பார்க்கக் கேட்பார். பார்ப்பதற்கு ஹாய்கென் என்று பெயர். கையைத் தரையில் ஊன்றி முதலில் முழுதாகப் பாருங்கள், பிறகே எடுங்கள். எடுத்தாலும் பாய்க்கு மேல் ஒரு சாண் உயரத்தைத் தாண்ட வேண்டாம். வழுக்கினாலும் பாயில் விழட்டும்.

கேள்விகளுக்கு வாய்பாடு இருக்கிறது. 'நட்ஸுமேயின் வடிவம்?' 'ரிக்யூ வடிவ நடுத்தர நட்ஸுமே.' 'அரக்கு வேலை யாருடையது?' 'சாஷாகு யார் செய்தது?' கடைசியாக 'கொமெய் வ', அதன் பெயர் என்ன? ஒரு மூங்கில் துண்டுக்கு மெய் என்ற கவித்துவப் பெயர் இருக்கும். பயிற்சியில் அந்தப் பெயரைக் கற்கிறவரே சொல்ல வேண்டும், பருவத்துக்கு ஏற்றபடி. மே மாதம் வகாபா, இளந்தளிர். கோடையில் ஸெஸெராகி, ஓடையின் சலசலப்பு. குளிரில் ஹட்ஸுயுகி, முதற்பனி. பெரும்பொழுது, சிறுபொழுது என்று பாட்டைப் பிரித்துப் படித்த நமக்கு இது அந்நியமாகப் படக் கூடாது. கூதிருக்கு உரியதை வேனிலில் பாடினால் எப்படி உறுத்துமோ, ஆகஸ்டில் 'முதற்பனி' என்பதும் அப்படியே உறுத்தும். மாதத்துக்கு மூன்று பெயர் எழுதிவைத்துக்கொண்டு போவது நல்லது.

பருவம் பொருளையும் மாற்றும். மே முதல் அக்டோபர் வரை ஃபுரோ, தரைமேல் வைக்கும் கணப்பு. நவம்பர் முதல் ஏப்ரல் வரை ரோ, தரையில் குழித்த அடுப்பு, ஏறக்குறைய 42 செ.மீ. சதுரம். குளிரில் நெருப்பை விருந்தாளிக்கு அருகில் கொண்டுவரவும், வெயிலில் தள்ளிவைக்கவும்தான் இந்த மாற்றம். இதோடு அகப்பை மாறும். ரோவுக்குக் கொஞ்சம் பெரிய குவளை. கோடையில் வாய் விரிந்த தட்டைக் கிண்ணம், கடுங்குளிரில் ஒடுங்கிய குழாய்க் கிண்ணம். கரித்தணலில் இடும் நறுமணப்பொருளும் மாறும்: ரோவில் பிசைந்து உருட்டியது, ஃபுரோவில் பியகுதான். அது வேறொன்றுமில்லை, நம் சந்தனக்கட்டைச் சீவல். முழு விருந்தான சாஜி நான்கு மணி நேரம் ஓடும். அதில் ரோ காலத்தில் கரியிட்ட பிறகு சாப்பாடு, ஃபுரோ காலத்தில் சாப்பிட்ட பிறகு கரி. குளிர்ந்த அறையில் விருந்தாளியை முதலில் சூடேற்ற வேண்டாமா என்று யோசித்தால் இந்த வரிசை மறக்காது. நவம்பரில் ரோ திறப்பதே தேநீர்க்காரர்களின் புத்தாண்டு. மே மாதம் பறித்த இலையை அடைத்த ஜாடியின் முத்திரையை அப்போதுதான் உடைப்பார்கள்.

முடிந்தபின்

மிஸுயா என்ற பின்னறையில் நடப்பது அறையில் நடப்பதைவிட அதிகம். சாஸெனை வெந்நீரில் அலசவும், சோப்பு ஆகாது. மூங்கில் வாசத்தை வாங்கிக்கொண்டு அடுத்த கிண்ணத்தில் திருப்பித் தரும். நாராவுக்கு அருகில் தகாயாமாவில் ஒரே மூங்கில் துண்டைக் கீறிக் கீறிச் செய்கிற பொருள் அது. வாங்கும்போது வந்த பிளாஸ்டிக் குழாய்க்குள் ஈரத்தோடு திருப்பிச் செருகினால் பூசணம் பிடிக்கும். குழாயை எறிந்துவிட்டு, காற்றுப்படும் இடத்தில் வைக்கவும். வடிவம் கெடாமலிருக்க வேண்டுமானால் பீங்கானில் ஒரு தாங்கி கிடைக்கிறது. சாஷாகுவை நீரில் கழுவவே கூடாது. தாளால் துடைத்தால் போதும், நனைந்தால் வளைவு தளரும். நட்ஸுமேயில் மிச்சமான தூளை அதிலேயே விட்டுவைக்காமல் வெளியே எடுத்து, மென்மையான தாளால் துடைக்க வேண்டும். தூள் டப்பாவைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் திறக்காதீர்கள். அறைச்சூட்டுக்கு வரும்வரை பொறுக்கவில்லை என்றால் உள்ளே நீர்த்துளி கோத்துக் கட்டிபிடிக்கும். திறந்த தூளை மூன்று நான்கு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

கிண்ணம் ராகு வகையாக இருந்தால் கூடுதல் கவனம். குறைந்த சூட்டில் சுட்ட, நுண்துளை நிறைந்த மண் அது. சூட்டைப் பிடித்துவைப்பதால் கோய்ச்சாவுக்கு இதற்கு நிகர் இல்லை என்பார்கள். பயன்படுத்தும்முன் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் தேநீர் உள்ளே இறங்கிக் கறைபடாது. முடிந்தபின் வெறும் நீரில் கழுவித் துடைத்து, கவிழ்க்காமல் நிழலில் உலரவிடவும். தொட்டால் உலர்ந்ததாகத்தான் தெரியும். அடிவளையத்தின் மண்ணுக்குள் ஈரம் இன்னும் இருக்கும். ஒரு வாரமாவது வெளியே விட்டுவையுங்கள். மறுநாளே துணி சுற்றி மரப்பெட்டியில் வைத்து நாடாவைக் கட்டிவிட்டால், அடுத்த முறை திறக்கும்போது பூஞ்சை நாற்றம் அடிக்கும். வெந்நீர் ஊற்றும்போதெல்லாம் அது கிளம்பிவரும்.